சட்டையும் ஆடுகிறது!

1996 ஏப்ரல் 13. சவுத்தாம்ப்டனில் முதல் பாதி முடிந்தபோது மான்செஸ்டர் யுனைடெட் 0-3 எனப் பின்தங்கியிருந்தது. இடைவேளையில் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் மொத்த அணியின் சட்டையையும் மாற்றினார். சாம்பல் நிறத்தில் சக வீரரே கூட்டத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியவில்லையாம். நீலம்-வெள்ளைக்கு மாறியதும் இரண்டாம் பாதியில் ஒரு கோல் விழுந்தது. ஆட்டம் கைவிட்டுப் போனது போனதுதான்.

தோற்றவர் சொல்லும் சாக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. திருப்பூர் நல்லூரில் ஜெர்ஸி தைப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள்; நிறமும் துணியும் ஆட்டத்தில் பங்கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்றைய ஜெர்ஸி அடிப்படையில் பிளாஸ்டிக். தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டர் நூலும் ஒரே சரக்கு. 2015 உலகக் கோப்பையில் தோனி அணியின் சீருடை ஒன்றுக்குச் சராசரியாக 33 பழைய பாட்டில்கள் என்று கணக்குச் சொன்னது நைக்கி. பருத்தி நூல் ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு கனக்கும், பாலியஸ்டர் வாங்காது. வியர்வை நூலின் மேலாகவே பரவி வெளிப்பக்கம் வந்து காய்ந்துவிடும். டாட் நிட் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பொடிப்பொடியாகத் துளைகள் தெரியும். காற்றுக்கு வழி அதுதான்.

நெஞ்சில் பட்டையாக அடிக்கும் ரப்பர் பிரிண்ட் இந்தத் துளைகளை அடைத்துவிடும். சப்ளிமேஷன் அச்சில் அந்தத் தொல்லை இல்லை. தாளில் அச்சான சாயம் சுமார் 200 டிகிரி சூட்டில் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்குகிறது. 1988 யூரோ கால்பந்து இறுதியில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் அந்த அபார கோலை அடித்தபோது போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையில், அருவ ஓவியம் போல வடிவங்கள் அடுக்கடுக்காக இருக்கும். அப்படியொரு டிசைனை இன்று நம்மூர் கபடி அணியும் எடை கூடாமல் போட்டுக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் எல்லை மீறிய கதையும் உண்டு. 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில், பாலியூரித்தேன் உடைகளின் தயவில் 43 உலக சாதனைகள் நொறுங்கின. 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் பெல்ப்ஸையே முந்தினார் ஜெர்மன் வீரர் பீடர்மான். 2010 ஜனவரி 1 முதல் துணி உடைக்கு மட்டுமே அனுமதி என்றானது. சரியான முடிவு. நீந்த வேண்டியது ஆள், உடை அல்ல.

கிளப் அணிகளுக்கு ஒரு வார்த்தை: செல்போன் திரையில் டிசைனைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். சாம்பிள் பீஸை ஒருவருக்குப் போட்டுவிட்டு, மைதானத்தின் மறுகோடியில் நிறுத்திப் பாருங்கள். ஆள் பளிச்சென்று தெரியாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நிறம் வேண்டாம்.