உருளைக்கிழங்கு மாவில் தங்கிய வெயில்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் செயற்கை நுண்ணறிவால் வண்ணம் பூசி, நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தியா என்று பகிர்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சேலை சிவப்பு என்று யார் சொன்னது? மென்பொருள் ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஆட்டோகுரோம் கண்ணாடித் தகடுகளின் அழகைப் பேசும்போது இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சினிமாவைத் திரையில் காட்டிய அதே லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது இது. மூலப்பொருள் உருளைக்கிழங்கு மாவு! மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு அளவுள்ள மாவுத் துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று சாயமேற்றி, கலந்து, கண்ணாடியில் ஒற்றை அடுக்காக ஒட்டினார்கள். இடைவெளிகளைக் கரித்தூளால் அடைத்து, மேலே ஒளியுணரும் பூச்சு. சிவப்புச் சேலையிலிருந்து வரும் ஒளியை ஆரஞ்சுத் துகள் உள்ளே விடும், மற்ற இரண்டும் பெரும்பாலும் தடுக்கும். தகட்டைக் கழுவி எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அதே துகள்கள் வழியாக அந்தச் சிவப்பு திரும்பி வரும். அதாவது, அந்த நிறம் ஒரு சாட்சி.

பாரிஸ் வங்கியாளர் ஆல்பெர் கான் 1909 முதல் 1931 வரை உலகெங்கும் ஆட்களை அனுப்பிச் சுமார் 72,000 தகடுகள் சேர்த்தார். அவர் அனுப்பிய ஸ்தெபான் பாஸே 1913–14-இல் இந்தியா வந்தார். அந்தத் தகடுகளில் மனிதர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது விறைப்பாக நிற்கிறார்கள். காரணம் இருக்கிறது. நல்ல வெயிலிலும் சில வினாடிகள் ஒளி விழ வேண்டும். குற்றாலத்தில் மெயினருவியை எடுத்திருந்தால் பாறை நிற்கும், தண்ணீர் வெண்புகையாகும், குளிக்கிறவர்கள் கரைந்துபோவார்கள். உலகத்தையே பதிவு செய்யக் கிளம்பிய திட்டத்துக்கு வண்ணத்தில் கிடைத்தது அசையாமல் நின்ற உலகம்தான். இது பெரிய குறை. ஆனால் அந்தக் குறையைத் தகடு மறைப்பதில்லை. நகர்ந்தவர் இருந்த இடத்தில் ஒரு கலங்கல் அப்படியே கிடக்கிறது.

அப்படியானால் எங்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் வீட்டுச் சுவர்களில் தொங்கும், ஸ்டுடியோக்காரர் தூரிகையால் கலர் பூசிய ஆச்சி தாத்தா படங்கள்? அவையும் பொய்தானே என்று கேட்கலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அது ஆசையின் நிறம். சேலை இன்ன கலரில் இருக்கட்டும் என்று வீட்டார் சொல்லிப் பூசியது. பூச்சு என்று பார்த்த எல்லாருக்கும் தெரியும். இன்றைய வண்ணப்படமோ, சாட்சி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. அதை நம்பிப் பழகிவிட்டால், நிஜமான பழைய நிறத்தைப் பார்த்தாலும் ‘ஏதோ ஃபில்டர் போல’ என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம்.

கானின் தகடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். ஒரு சேலையைத் தேர்ந்தெடுத்து முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள். துணி காணாமல் போய், ஆரஞ்சும் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் தெரியும். அந்த ஆரஞ்சுப் புள்ளிகள் வழியாகத்தான் 1914-இன் வெயில் போனது.