கரையேற விடாத கடற்கொள்ளை

கடற்கொள்ளையனின் ஆட்டத்தில் இரண்டு பாதிகள் உண்டு. பீரங்கியால் எதிரிக் கப்பலை முடக்குவது முதல் பாதி. கொக்கி வீசி இழுத்து, அதன் தட்டில் குதித்து, வாளோடு நிற்பது இரண்டாம் பாதி. யுபிசொஃப்ட் வெளியிட்ட 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' முதல் பாதியை மிக நன்றாக ஆடிவிட்டு, இரண்டாம் பாதிக்கு மைதானத்தில் இறங்காமலே போன அணி. பத்தாண்டுக்கு மேல் வேலை நடந்த ஒரு விளையாட்டைப் பற்றி இப்படி எழுத வேண்டியிருப்பது வருத்தம்தான்.

வருத்தத்துக்குக் காரணம் இருக்கிறது. இதைச் செய்தது சிங்கப்பூரில் உள்ள யுபிசொஃப்ட் கூடம். 2013இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் 4: பிளாக் ஃபிளாக்' விளையாட்டின் கடற்சண்டையில் அந்தக் கூடத்தின் கை இருந்தது. அந்த வெற்றிக்கு ஒரு சிறிய இணைப்பாகத் தொடங்கிய யோசனைதான் தனி விளையாட்டாக வளர்ந்தது. 2017 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஈ3 கண்காட்சியில் அறிவித்தபோது, ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் கப்பல்களில் மோதும் போட்டியாகக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே வரும் என்றார்கள். வரவில்லை. 2022 நவம்பர் 8 என்று நாள் குறித்தார்கள், அது 2023 மார்ச் 9 ஆகி, அதுவும் கடந்து, கடைசியில் 2024 பெப்ரவரி 16இல்தான் கைக்கு வந்தது. இதற்கிடையில் அணிப் போட்டி என்ற எண்ணம் பின்னுக்குப் போய், மரமும் இரும்பும் சேர்த்துக் கப்பல் கட்டுவது, சரக்கு விற்பது என்று விளையாட்டின் குணமே மாறியிருந்தது. இடையில் திசை மாறியதன் தழும்பு ஆடும்போது அடிக்கடி தட்டுப்படுகிறது.

ஆனாலும் இதில் ஒரு துணிச்சலைப் பாராட்டியே ஆக வேண்டும். கடற்கொள்ளை என்றாலே கரீபியன் என்று இருந்த வழக்கத்தை விட்டு, பதினேழாம் நூற்றாண்டின் கடைசிக் கால இந்து சமுத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள். மடகஸ்காரை ஒட்டிய 'ரெட் ஐல்', ஆபிரிக்காவின் கிழக்குக் கரை, பிறகு கிழக்கிந்தியத் தீவுகள் என்று உலகம் விரிகிறது. ஒரு மூலையில் செயின்ட் ஆன் என்ற கொள்ளையர் துறைமுகம், மறு மூலையில் தெலோக் பெஞ்சாரா. கப்பல்களும் இந்தக் கடலுக்கு உரியவை: அரபிக் கடலின் டவ், சம்புக், மலாய்க் கரையின் பெடார், சுலவேசியின் படேவாகாங். இந்தப் பெயர்களை ஒரு பெரிய நிறுவனத்தின் விளையாட்டில் இவ்வளவு கௌரவமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இந்து சமுத்திரம் என்றதும் எங்கள் இலங்கையின் கதை தானாக நினைவுக்கு வருகிறது. கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய வழியாக இறங்கும் ஏ-26 வீதி மஹியங்கனைக்குப் போகிறது. 1602இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன், அன்று பிந்தென்ன எனப்பட்ட அந்த மஹியங்கனைப் பக்கமாகத்தான் கண்டிக்கு வந்து அரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தான். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி ராச்சியத்தில் கழித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681இல் அவர் எழுதி வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த கதை, டானியல் டீபோ 1720இல் எழுதிய 'கெப்டன் சிங்கிள்டன்' நாவலில் வருகிறது. அது ஒரு கடற்கொள்ளையனின் கதை! அப்படிப்பட்ட மண்ணுக்கு இந்த விளையாட்டின் வரைபடத்தில் இடமில்லை. ஆபிரிக்காவிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் வழியில் நடுவே வெறும் திறந்த கடல். ஒல்லாந்தரை நினைவூட்டும் ஒரு வணிகக் கம்பனி எதிரியாக வருகிறது, ஆனால் அவர்கள் கறுவாவுக்காகக் கோட்டை கட்டிய தீவு இல்லை. ஊர்ப் பாசத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த இடைவெளியைக் கடக்கும் நீண்ட நிமிடங்களில் சுக்கானைப் பிடித்தபடி சும்மா இருக்கும் எவருக்கும், அங்கே ஒரு காலியும் திருகோணமலையும் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். கடற்சண்டை நல்ல சண்டை. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துப் பாய் விரிக்க வேண்டும், வேகமாக ஓட்டினால் மாலுமிகள் களைத்துப் போவார்கள். முன்பக்கம், இருபுறமும், பின்பக்கம் என்று தனித்தனியாக ஆயுதம் பொருத்தலாம். கிட்டத்தில் போய் அடிக்கும் பீரங்கி ஒரு ஆட்டம், தூரத்தில் நின்று குண்டை வளைத்து எறியும் மோட்டார் முற்றிலும் வேறொரு ஆட்டம். எதிரியின் கப்பலில் பலவீனமான இடங்கள் சிவந்து தெரியும், அவற்றைக் குறிவைக்கத் தெரிந்தவன் இருமடங்கு பெரிய கப்பலையும் சாய்த்துவிடுவான். குண்டு வரும் நொடியில் மாலுமிகளைக் குனிந்து தாங்கச் சொல்லும் பொத்தான் இருக்கிறது. அதை எப்போது அழுத்துவது என்பதில் அனுபவசாலிக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். மூவர் சேர்ந்து ஆடினால் ஒருவர் முன்னால் போய் அடி வாங்க, ஒருவர் பழுது பார்க்க, ஒருவர் தூரத்திலிருந்து சுட என்று உண்மையான அணி உத்தி பிறக்கிறது. புயலில் அலை கப்பலைத் தூக்கிப் போடும் காட்சியும், மாலுமிகள் சேர்ந்து பாடும் பாட்டும் மனதில் நிற்பவை.

சரி, எதிரி முடங்கிவிட்டான். கொக்கி வீசுகிறீர்கள். அடுத்து என்ன? ஒரு சின்னக் காட்சி ஓடுகிறது, கொள்ளைப் பொருட்களின் பட்டியல் வருகிறது, முடிந்தது. நீங்கள் அந்தக் கப்பலில் கால் வைக்கவே இல்லை. 2013இல் வந்த பிளாக் ஃபிளாக்கில் நாயகன் எட்வர்ட் கென்வே கயிற்றில் ஊசலாடிப் பாய்ந்து, தட்டில் சண்டையிட்டு, கொடியை அறுத்து, பிடித்த கப்பலை என்ன செய்வது என்று முடிவெடுப்பான். அதை ஆடியவர்கள்தான் இந்த விளையாட்டுக்காக இத்தனை காலம் காத்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்ததையே பறித்துக்கொண்டது மிகப் பெரிய பிழை.

கரையிலும் அதே கதை. ஒரு ஊரைக் கொள்ளையடிப்பதென்றால், கப்பலிலிருந்தபடியே கோபுரங்களைச் சுட்டுக்கொண்டு, திரையில் ஒரு கோடு நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். மரம் வெட்டுவதற்கும் கரையோரம் கப்பலை நிறுத்திவிட்டு, ஓடும் குறியைச் சரியான இடத்தில் நிறுத்தும் விளையாட்டு. துறைமுகங்களிலும் சில சிறு தங்குமிடங்களிலும் நடக்கலாம், பேசலாம், வாங்கலாம், விற்கலாம். வெளியானபோது வாளை உருவ வழியே இல்லை. கடலில் குதித்து நீந்தவும் முடியாது. ஸ்கர்லொக், ரஹ்மா என்ற இரண்டு கொள்ளைத் தலைவர்களின் கதையும் இதனால்தான் ஒட்டவில்லை. இந்தப் பொருளைக் கொண்டுவா, அந்தக் கப்பலை மூழ்கடி என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காக நாம் எதையும் நேருக்கு நேர் நின்று செய்வதில்லை. கதை முடிந்த பிறகு வரும் கடத்தல் வியாபாரத்தில் பல இடங்களுக்கு ஓடி வசூல் எடுக்க வேண்டும். நல்ல சண்டை ஆடிய கையால் கணக்குப்பிள்ளை வேலை செய்வது அலுப்பு.

யுபிசொஃப்ட் தலைவர் ஈவ் கில்லெமோ, வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு இதை, பெரும் விளையாட்டுகளைக் குறிக்கும் மூன்று 'ஏ'வையும் தாண்டிய நான்கு 'ஏ' தரத்து விளையாட்டு என்று சொல்லி 70 டாலர் விலையை நியாயப்படுத்தினார். 70 டாலர் அன்று எங்கள் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அப்போது ஆயிரம் ரூபாய். அந்தத் தொழிலாளியின் இருபது நாள் உழைப்பைக் கேட்ட பொருள், எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் ஓடும் என்றும் சொல்கிறது. தனியாக ஆடினாலும் சேவையகத்தோடு தொடர்பு வேண்டும். நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் மழை பெய்தால் சிக்னல் போகிற வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

வெளியான பின் பருவத்துக்குப் பருவம் புதிய எதிரிகளும் பெரிய கப்பல்களும் சேர்ந்தன. கைவிடாமல் வேலை செய்கிறவர்களுக்கு அந்த மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஆனால் பெரிய கப்பல் முதல் பாதியைத்தான் இன்னும் பலப்படுத்தும்.

கடற்சண்டைக்குப் பத்துக்கு எட்டு, கடலின் அழகுக்கும் எட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று என்பதே என் மதிப்பெண். கூட ஆட நண்பர்கள் இருவரும் உறுதியான இணையமும் இருந்தால், விலை நன்றாகக் குறையும் நாள் பார்த்து வாங்குங்கள். தனியாக ஆடுகிறவர்கள், பழைய கணினியிலும் ஓடும் பிளாக் ஃபிளாக்கையே எடுங்கள். கண்டியில் விளையாட்டு உருவாக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: கொட்டியாரமும் அரிப்பும் நொக்ஸ் நடந்த காடும் இன்னும் எந்தப் பெரிய விளையாட்டிலும் வரவில்லை, அதை எடுத்துச் செய்யுங்கள்.