சக்குக்குப் பின்னால் ஒரு தட்டு

செகந்திராபாத்துக்கு அருகே சனத்நகர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத் பட்டறைக்குள் நுழைந்தால் கண் முதலில் போவது, கடைய வேண்டிய பொருளைப் பிடிக்கும் சக்கின் மேல்தான். எனக்கோ அதன் முதுகில் இருந்து அதை ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டோடு இணைக்கும் பேக் பிளேட்டின் மேல்தான் பிரியம்.

வெறும் வார்ப்பிரும்புத் தட்டு. நடுவில் துளைபோட்டு, ஸ்பிண்டிலுக்கு ஏற்ற மரை வெட்டியதும் அதை அதே லேத்தின் ஸ்பிண்டிலில் மாட்டிவிட வேண்டும். முகத்தையும் சக்கு உட்காரும் விளிம்பையும் கடைவது அதற்குப் பிறகுதான். இயந்திரம் தன் உறுப்பைத் தானே கடைந்துகொள்கிறது! கரும்பொடியைத் துடைத்துவிட்டு டயல் கேஜை வைத்தால் முள் அசையக் கூடாது. மரையில் ஒரு துணுக்கு சிக்கினாலும் தட்டு ஆடும்.

செகந்திராபாத்தில் 1943-இல் தொடங்கிய பிராகா டூல்ஸ் லேத் சக்குகளும் செய்தது. சனத்நகருக்குப் பக்கத்துப் பாலாநகரில் 1968 முதல் மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்குச் சக்கு வேலை பழகியதுதான்.

பேக் பிளேட்டில் ஏறும் சக்கிலும் வகை உண்டு. மூன்று ஜா (கவ்வும் தாடை) சக்கு பொருளைத் தானே நடுவில் பிடிக்கும். நான்கு ஜா சக்கில் ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியே திருக வேண்டும். நேரமாகும், ஆனால் கோணல்மாணலான துண்டும் மையத்துக்கு வரும். தொழில் கற்பவர்கள் இதில்தான் முதலில் கை பழக வேண்டும்.

புதுச் சக்கு வாங்குகிறவர்களே, பேக் பிளேட்டை உங்கள் ஸ்பிண்டிலிலேயே கடைந்துகொள்ளுங்கள்.