கால் பங்கு மருந்தும் முழு நம்பிக்கையும்

மயிலாப்பூர் முதல் அடையாறு வரை வலியில்லாப் பிரசவத்தை இன்று கர்ப்பிணிகளே கேட்டு வாங்குகிறார்கள். முதுகில் எபிடியூரல் குழாய் வைத்து, பியூபிவகைனும் ஃபென்டனிலும் கலந்து செலுத்துகிறோம். மயக்கவியல் மருத்துவர்களிடையே இதற்கு ஒரு கூடுதல் பாராட்டும் உண்டு: இந்தக் கலவையே கிருமியைக் கொல்லும், தொற்றைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

கலவை நல்லதுதான். வலி அடங்குகிறது, கால்கள் பெரிதாக மரத்துப்போவதில்லை, தாயால் முக்க முடிகிறது. பியூபிவகைன் ஆய்வகத் தட்டில் கிருமிகளைத் தடுப்பதும் 1985லேயே பதிவான உண்மை.

ஆனால் எந்த வீரியத்தில்? பிரசவ அறையில் 50 மில்லி சிரிஞ்சை நிரப்புவதைப் பாருங்கள். 0.5 சதவீத பியூபிவகைன் 12.5 மில்லி, ஃபென்டனில் ஒரு ஆம்பூல் 2 மில்லி, மீதி 35.5 மில்லி சலைன். கிடைப்பது 0.125 சதவீதம், மூல மருந்தின் கால் பங்கு. தட்டில் 0.5 சதவீதத்தில் தெளிவாகத் தெரியும் தடுப்பு, இந்த அளவில் பெரும்பாலும் மங்கிவிடுகிறது. சூடோமோனாஸ் என்ற கிருமியோ மருந்தின் வீரியம் கூடினாலும் எளிதில் மசியாது. உடல் சூட்டில் தெரியும் விளைவு, ஏசி அறையில் பம்பில் மணிக்கணக்காக நிற்கும் சிரிஞ்சுக்குள் இன்னும் குறையும். ஃபென்டனிலும் இந்த அளவில் கிருமியைத் தொடுவதில்லை. அது வலியைக் குறைப்பதால்தான் பியூபிவகைனை இவ்வளவு நீர்க்கச் செய்ய முடிகிறது. அதாவது, கலவையின் பெருமைக்குக் காரணமான அதே நீர்ப்புதான் கிருமித் தடுப்பையும் பறிக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டுவது எப்படி?

ரப்பர் மூடியைத் துளைத்து, ஆம்பூல் கழுத்தை உடைத்து, சலைன் பாட்டிலைத் திறந்து என மூன்று இடங்களில் கை படுகிறது. கலவை காப்பாற்றும் என்று நம்பும் கை அங்கே தளர்கிறது. அந்த வாதத்தைச் சோம்பலுக்குப் போட்ட படிப்புச் சட்டை என்றே சொல்வேன். எபிடியூரல் சீழ்க்கட்டி அரிதுதான். வந்தால், பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸால் வரும். அதுவும் தாய் வீடு திரும்பிய பிறகு தெரியலாம். காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், "முதுகில் ஊசி போட்டதால்தான்" என்று எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். கால் தளரும்போது நேரம் கடந்திருக்கும்.

ஆன்டிபயாட்டிக்குகள் தோற்றுவருவதை எச்சரித்து 2012இல் பிரகடனம் எழுந்தது இதே சென்னையில்தான். அந்த ஊரில், ஆன்டிபயாட்டிக்கே அல்லாத ஒன்றை நம்பி முகக்கவசத்தைத் தளர்த்தலாமா? குளோர்ஹெக்சிடின் தடவிய தோல் முழுதும் காயும்வரை ஊசியைத் தொடாமல் நிற்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்த இந்தச் சிரிஞ்சில் எதுவும் இல்லை.