ஜாங் யிமோ: 2008 பேரும் ஒரு முகமும்

சீன இயக்குநர் ஜாங் யிமோ பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "ஆரம்பத்துல கலகக்காரர், அப்புறம் அரசாங்கத்தோட ஆளா ஆயிட்டார்." பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் குறிப்பு.

கலாச்சாரப் புரட்சியின்போது வயலிலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர். 1978-ல் வயது வரம்பைத் தாண்டிய நிலையில் பெய்ஜிங் திரைப்பட அகாடமியில் சேர்ந்து ஒளிப்பதிவு படித்தார். சென் கைகேயின் 'யெல்லோ எர்த்' (1984) படத்துக்குக் கேமரா இவர்தான். 'ஓல்ட் வெல்' படத்தில் நடித்து டோக்கியோவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். இயக்கிய முதல் படம் 'ரெட் சோர்கம்' 1988-ல் பெர்லினில் தங்கக் கரடி வென்றது.

'தி ஸ்டோரி ஆஃப் சியூ ஜூ'வை (1992) எடுத்துக்குவோம். ஊர்த்தலைவர் தன் கணவனை உதைத்துவிட்டார் என்று ஒரு கர்ப்பிணிப் பெண் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறாள். பணம் கொடுத்தாலும் வேண்டாம், செஞ்சது தப்புன்னு அவர் ஒத்துக்கணும். நகரத் தெருக்காட்சிகள் பலவற்றை மறைகேமராவில் எடுத்திருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவளை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்கணும்.

பத்து வருஷம் கழித்து 'ஹீரோ' (2002). அரசனைக் கொல்ல வந்தவன், நாடு ஒன்றாக வேண்டும் என்று கொல்லாமல் விட்டுவிட்டு, அம்பு மழையில் சாகிறான். படம் அழகு, சந்தேகமே இல்லை. ஆனா சியூ ஜூ கேட்ட கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில், 'பெரிய விஷயத்துக்காக நீ ஒதுங்கிக்கோ' என்பதுதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இது இன்னும் பெரிசாகிறது. 2008 பேர் ஒரே தாளத்தில் முரசடித்தார்கள். அதில் ஒரு முகமாவது ஞாபகம் இருக்கா?

இதோட நிறுத்தினால் அந்தத் தீர்ப்பு சரிதான். நிறுத்த விடாத படம் 'ஒன் செகண்ட்'. கலாச்சாரப் புரட்சிக் காலம். உழைப்பு முகாமிலிருந்து தப்பிய ஒருவன் பாலைவனம் தாண்டி ஒரு திரையரங்குக்கு வருகிறான். அரசாங்கச் செய்திப்படம் ஒன்றில் அவன் மகள் ஒரே ஒரு விநாடி வருகிறாள், அதைப் பார்க்கத்தான். அரசு காட்ட நினைத்தது உழைக்கும் மக்கள் திரளை. இவன் கண் தேடுவது அதில் ஒரே ஒரு பெண்ணை. முரசடித்த 2008 பேரில் ஒருவரின் அப்பா அந்த விழாவை இப்படித்தான் பார்த்திருப்பார், இல்லையா?

2019 பெர்லின் விழாவிலிருந்து 'தொழில்நுட்பக் காரணம்' என்று படம் கடைசி நேரத்தில் விலக்கப்பட்டது. 2020-ல்தான் சீனாவில் வெளியானது. அதற்குப் பிறகும் 2022 குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவை இயக்கியது இவரேதான். அதனால 'மனம் திருந்திட்டார்'னு கதை கட்டவும் வழியில்லை. திரளை அடுக்குகிறவர், அதில் ஒருத்தியைத் தேடுகிறவர், ரெண்டு பேரும் அவருக்குள்ளேயே இருக்காங்க. 'சியூ ஜூ', 'ஹீரோ', 'ஒன் செகண்ட்' மூன்றையும் இதே வரிசையில் பார்த்துவிட்டுச் சொல்லுங்க.