55 விநாடிப் பாடத்திட்டம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பாதைப் பக்கம் இருக்கிறது பிரம்மதேசம். இந்தப் பெயரில் தமிழ்நாட்டில் ஊர்கள் பல. அம்பாசமுத்திரத்துப் பக்கம் உள்ளது கோயிலால் பேர் பெற்றது. இந்தப் பக்கத்துக்கு அடையாளம் உப்பு. கிழக்கே போகப் போகக் காற்றில் கரிப்பு ஏறும். மரக்காணத்தை நெருங்கினால் பாத்தி பாத்தியாக அளம் விரியும்.

அந்தச் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றின் காலைப் பிரேயரை ஒரு திங்கட்கிழமை மதிலோரம் நின்று கேட்டேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மைக் முன்னால் வந்து தமிழ்த்தாய் வாழ்த்தைத் தொடங்கினாள். அவள் எடுத்தது தன் தொண்டைக்கு வசதியான ஐந்து கட்டை, அல்லது ஐந்தரை. முன் வரிசைப் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பின் வரிசையில் நின்ற ஒன்பதாவது, பத்தாவது பையன்களால் முடியவில்லை. சிலர் கீழ் ஸ்தாயிக்கு இறங்கினார்கள். சிலர் நடுவில் எங்கோ ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதே சுரத்தில் நின்றார்கள். பலர் வாயை மட்டும் அசைத்தார்கள். மேலே ஏறும் இடத்தில் அந்தப் பெண்ணுக்கே மூச்சு வாங்கி அரைக் கட்டை இறங்கியது. முடிந்தது. அடுத்து உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு.

இந்தப் பாட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சொல் மனோன்மணீயம் சுந்தரனாருடையது, மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது. 2021 டிசம்பரில் இதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை பண்ணையும் சொல்கிறது: முல்லைப்பாணி, அதாவது மோகனம். திஸ்ர தாளம். 55 விநாடியில் பாடி முடிக்க வேண்டும். ஆண்டுக்கு 210 பள்ளி நாள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பிரேயர் நடக்கும் பள்ளியில் ஒன்றாவது சேரும் பிள்ளை, பன்னிரண்டாவது முடிப்பதற்குள் இதை 2,520 முறை பாடியிருக்கும். நேரமாகக் கூட்டினால் முப்பத்தெட்டரை மணி. ஒரே ராகத்தில் இவ்வளவு நேரம் நிற்கும் வாய்ப்பு வீட்டில் வாத்தியார் வைத்துப் பாட்டுக் கற்கும் பிள்ளைக்குக்கூட எளிதில் கிடைக்காது. ஆனால் இத்தனை தடவை பாடிய பிள்ளையைக் கூப்பிட்டு இது என்ன ராகம் என்று கேளுங்கள், விழிக்கும். இதில் ஐந்து சுரம்தான் வருகிறது என்றும், ஊர்த் திருவிழாவில் மைக் செட்டில் அலறுகிற ஏதோ ஒரு சினிமாப் பாட்டும் அதே ஐந்துக்குள்தான் ஓடுகிறது என்றும் அதற்கு யாரும் சொன்னதில்லை. தொடங்கும் முன் சுருதி கொடுக்கவும் ஆளில்லை.

பள்ளிக்காலம் முழுவதும் இசை வேண்டும் என்று பேசுகிறவர்கள், இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவரச் சொல்வது போலவே பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடத் தொடர்ச்சி ஏற்கெனவே இருக்கிறது, அதற்குள் பாடம் இல்லை. பாடம் இருக்கும் இடத்தில் தொடர்ச்சி இல்லை.

அந்தப் பாடம் எங்கே இருக்கிறது? ஒன்று முதல் ஐந்து வரை இசைக்கென்று ஆசிரியர் கிடையாது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் ஆட்டமும் உண்டு, வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பாட்டு, எழுத்தையும் எண்ணையும் ஏற்றிச் செல்லும் வண்டி. சரக்கு இறங்கியதும் வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆறு முதல் எட்டு வரை கதை வேறு. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலை, உடற்கல்வி, தொழில்கல்வி ஆகியவற்றில் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். பல தவணை உயர்வுக்குப் பின் 2024-இல் 12,500. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவர்களுடைய நீண்ட நாள் குறையாக இருந்தது. அவர்களுக்கான எட்டுப் பாடங்களில் இசை ஒன்று, தோட்டக்கலை ஒன்று, தையல் ஒன்று. ஒரு பள்ளிக்கு ஓவியமும் தையலும் வந்துவிட்டால் இசைக்கு இடமில்லை. முழுநேரப் பணியிலும் நிலைமை அதுதான்: 2017-இல் சிறப்பாசிரியர்களுக்கு அறிவித்த 1,325 இடங்களில் இசைக்கு 86.

எட்டாம் வகுப்போடு அதுவும் நின்றுவிடுகிறது. வாத்தியார் இருக்கும் பள்ளியிலும் இசை வகுப்பு என்பது கடன் கொடுக்கும் பீரியட்; பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார், திருப்பித் தர மாட்டார்.

இதில் பணத்தையும் ஆள் பற்றாக்குறையையும் விட என்னை உறுத்துவது வயதுக் கணக்கு. பதினொன்று முதல் பதின்மூன்று வயதுக்குள்தான் பெரும்பாலான பையன்களுக்குக் குரல் உடையத் தொடங்கும். நேற்றுவரை ஏறிய இடத்துக்கு இன்று தொண்டை ஏறாது; ஏற முயன்றால் கீச்சென்று பிசிறும், பக்கத்துப் பையன் சிரிப்பான். சரியாக அந்த மூன்று ஆண்டைப் பார்த்து இசை வாத்தியாரை அனுப்புகிறோம். குரல் வளைந்து கொடுக்கிற, வெட்கம் என்றால் என்னவென்று தெரியாத ஐந்து வருடத்தைச் சும்மா விட்டுவிட்டு! வகுப்பில் முதலில் பிடிப்பதோ சரளி வரிசை. சரளி வரிசையில் குற்றமில்லை. குருவுக்கு எதிரே ஒன்றிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து, அவரவர் கட்டைக்குச் சுருதி வைத்து, வருடக்கணக்கில் படிப்பதற்கு அது ஏற்ற ஏணி. நாற்பது தொண்டைக்கு ஒரே சுருதி வைத்து, வாரத்துக்கு ஒரு நாள், மாயாமாளவகௌளையில் ஏழு சுரமும் ஏறி இறங்கச் சொன்னால் நாலைந்து பேர் ஏறுவார்கள். மற்றவர்கள் தங்களுக்குப் பாட்டு வராது என்ற ஒன்றைத்தான் கற்றுக்கொண்டு போவார்கள். கல்வி அறிவைக் கொடுக்காவிட்டால்கூடப் போகட்டும், இந்த முடிவை ஒரு பிள்ளையின் தலையில் எழுதாமல் இருக்கலாம்.

இசை படித்தால் கணக்கு வரும், மூளை வளரும் என்று சொல்லி இந்தப் பாடத்துக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கைவிடுவது நல்லது. 1993-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சிறு ஆய்வில், மொசார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒரு வகை இடவடிவப் புதிரில் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் வாங்கினார்கள். பலன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. அதை வைத்துக்கொண்டு 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் சாஸ்திரிய இசைத் தட்டு கொடுக்கப் பணம் கேட்டார். 2020-இல் சாலாவும் கோபேயும் குழந்தைகளின் இசைப் பயிற்சி பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒழுங்காக நடத்திய ஆய்வுகளில் படிப்புக்கோ அறிவுத்திறனுக்கோ சொல்லும்படியான பலன் தெரியவில்லை. கணக்குக்காக இசை என்று வாதாடினால், கணக்கு வாத்தியார் அந்தப் பீரியடை நேரடியாகக் கணக்குக்கே கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

பிறகு இசை எதற்கு? கேட்பதற்கு. பக்கத்தில் நிற்பவன் எங்கே நிற்கிறான் என்று காதால் அறிந்து, தன் குரலை அவனோடு சேர்ப்பதற்கு. மேலே சொன்ன பிரேயரில் இல்லாதது அது ஒன்றுதான்.

ஹங்கேரியில் சோல்தான் கோடாய் இதைத்தான் பிடித்தார். அவர் பிறந்த கெச்கெமேட் நகரில் 1950-இல் பாட்டை மையமாக வைத்த தொடக்கப் பள்ளி வந்தது. தினமும் பாட்டு வகுப்பு, கருவி எதுவும் வேண்டாம், தொண்டை போதும். தொடக்கம் நாட்டுப்பாடலில், அதிலும் ஐந்து சுரப் பாடல்களில். அரைச் சுர இடைவெளி இல்லாத ஐந்து சுரத்தில் சின்னப் பிள்ளையின் குரல் தடுமாறாது என்பது காரணம். அங்கே 'டோ' ஒரே இடத்தில் நிற்காது, பாடுபவருக்குத் தக்கபடி நகரும். நம் 'ச'வும் அப்படித்தான், தொண்டை எங்கே வசதியோ அங்கே ச. நமக்கு ஐந்து சுரப் பாட்டு தினமும் பிரேயரில் இருக்கிறது, நகரும் சவும் இருக்கிறது. கோடாய் முறையின் குறையையும் சொல்ல வேண்டும். நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாவிட்டால் கைச்சைகைகளும் டோ ரே மீயும் வெறும் சடங்காகிவிடும்.

தொடர்ச்சி மட்டும் இருந்தால் போதுமா என்றால், யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். இலங்கையில் ஆறாம் வகுப்பு முதல் பதினொன்று வரை அழகியல் பாடம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் கர்நாடக சங்கீதத்தை எடுத்துச் சாதாரண தரப் பரீட்சை வரை போகலாம், உயர்தரத்திலும் படிக்கலாம். அதற்கு மேல் மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் 1975-இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பள்ளிக்கு வெளியே, 1931-இல் தோன்றிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்துக் கலாவித்தகர் பட்டம் வரை கொண்டு போகிறது. போர்க்காலத்திலும் அறுபடாமல் சங்கீத டீச்சர் என்றொரு ஆள் ஊருக்கு ஊர் இருந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். இது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் பரீட்சை நுழைந்த இடத்தில் அதன் குணமும் நுழையும். ராக லட்சணத்தை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த ராகத்தை அடையாளம் காணத் தெரிய வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. பாடமாவதும் ஒரே மரபு. கூத்தும் பறையும் அதற்கு வெளியே நிற்கும்.

நம் பக்கம் பரீட்சைக்குப் பதில் போட்டி வந்திருக்கிறது. 2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பறை எடுத்த பிள்ளை அரசு மேடையில் பரிசு வாங்குவது, அந்தக் கருவியைச் சாவுக்கும் சேரிக்கும் ஒதுக்கி வைத்த ஊர்களுக்கு ஒரு பாடம்தான். கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். ஆனால் போட்டி ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைக் கண்டெடுக்கும். மீதிப் பேரைக் கைதட்ட வைக்கும். உப்பளத்து வேலைக்கு விடியும் முன்னே கிளம்பும் தாய்க்குப் பாட்டு வாத்தியாரைத் தேட நேரமும் இல்லை, காசும் இல்லை. விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்றாண்டுப் படிப்பு. இங்கிருந்து திண்டிவனம் போய்ப் பஸ் மாற வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள் என்பது அதற்குப் பிறகு தெரிய வரும்.

பாட்டோடு பாணர்கள் நடந்து வந்த நாடு இது என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கும். சிறுபாணாற்றுப்படை, சீறியாழ்ப் பாணனை வழிப்படுத்தி அனுப்புவது ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம். அதில் வரும் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. எயிற்பட்டினம் என்பது மரக்காணம் என்பார்கள் ஆய்வாளர்கள். உப்பளத்தைப் பார்த்தபடி பள்ளிக்குப் போகும் பிள்ளை இதைப் பத்துப்பாட்டு வரிசையில் ஒரு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறது.

பின் வரிசைப் பையன்களுக்கு வருகிறேன். அவர்களுக்கு வழி சொன்னவர் நம்மிடமே இருந்தார்: எம்.பி. சீனிவாசன். திரைப்பட இசையமைப்பாளர், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவர். பாரதி பாடல்களைப் பல குரலாகப் பிரித்துக் கூட்டமாகப் பாட வைத்தார். பள்ளிப் பிள்ளைகளைப் பெருங்கூட்டமாகச் சேர்த்துப் பாட வைக்கும் வேலைக்கு நாடெங்கும் அலைந்தார். 1988-இல் அவர் இறந்ததும் இலட்சத்தீவில்தான். சேர்ந்திசையில் உடைந்த குரல் கோளாறில்லை, கீழ்க்குரல் பாட ஆள் கிடைத்தது என்று பொருள். ஏறமுடியாத பையனுக்குக் கீழே ஓர் இடம் இருக்கிறது, அந்த இடம் பாட்டுக்குத் தேவையாகவும் இருக்கிறது. இதன் பலவீனமும் தெரிந்ததே. கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம், தனிக்குரலின் நுட்பமும் கமகமும் வளராது, நடத்துபவர் போனால் குழு கலையும். கச்சேரிப் பாடகர் இதிலிருந்து வரமாட்டார். அரசுப் பள்ளியின் வேலை கச்சேரிப் பாடகரை உண்டாக்குவது என்று நான் நினைக்கவில்லை.

என்னைக் கேட்டால், இருக்கிற கொஞ்சப் பணத்தை ஆறாம் வகுப்பிலிருந்து கீழே இறக்குவேன். ஒன்று முதல் மூன்று வரை நடத்தும் டீச்சர்களுக்கு ஒரு கோடை விடுமுறையில் சுருதி பிடிக்கவும் ஐந்து சுரம் பாடவும் சொல்லிக் கொடுத்தால், தினம் கால் மணி நேரம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். தையிலிருந்து ஆடி வரை கூத்தாடிவிட்டு மீதி மாதம் ஆர்மோனியத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கும் கலைஞர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் ஒருவர் பள்ளிக்கு வர எந்தப் பட்டமும் தடையாக இருக்கக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் அங்கிருந்த ஒரு டீச்சரிடம் சுருதி பற்றிச் சொன்னேன். "இவங்க வாய் திறந்து பாடுறதே பெரிய விஷயம் சார்" என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனபோது தன் செல்போனில் தம்புரா ஆப் ஒன்றைப் போட்டு மைக் பக்கத்தில் பிடித்திருந்தார். ஐந்து கட்டை இல்லை, மூன்று. பாடிய பெண்ணுக்குக் கொஞ்சம் இறக்கம்தான், ஆனாலும் சமாளித்தாள். பின் வரிசையில் முதலில் சிரிப்பு, பிறகு இரண்டு மூன்று பேர், பிறகு பாதிப் பேர் கீழ் ஸ்தாயியில் வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் அடிக்குப் போகும்போது டீச்சருக்குப் போன் வந்தது. தம்புரா நின்று, ரிங்டோன் மைக்கில் கேட்டது. அவர் அவசரமாக அதை அமுக்கிவிட்டு மறுபடி ஆப்பைத் தேடுவதற்குள் பாட்டு முடிந்து, அடுத்த பெண் உறுதிமொழித் தாளோடு மைக்குக்கு வந்துவிட்டாள்.