புல்லட் பேரலின் வெள்ளி

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வார்ப்பிரும்பு பேரலுக்குச் சூடு தாங்கும் சில்வர் அடிக்கும் வேலை, ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. வார்ப்பிரும்பு எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். தின்னரில் துடைத்துப் பளிச்சென்று நிற்கும் பேரலும் சூடு ஏறியதும் வேர்க்கும். ஒருமுறை சுட்டு எண்ணெயைக் கக்கவைத்து, அப்புறம் சாண்ட் பிளாஸ்டிங் செய்வதே முறை. அடியில் பட்டியோ சாதா ரெட் ஆக்சைடோ கூடாது. அவை கருகி, மேல் பூச்சையும் தள்ளிவிடும். பிளாஸ்டிங் முடிந்த இரும்பை மீஞ்சூரில் ஒரு ராத்திரி விட்டுவைக்க முடியாது. காட்டுப்பள்ளிப் பக்கத்து உப்புக் காற்றில் விடிவதற்குள் செந்துரு பூத்துவிடும். காலை ஈரம் உலர்ந்து, கடற்காற்று எழும்புவதற்குள் அடித்து முடிப்பது நல்லது.

இந்தக் கலைக்கு உரைகல் பழைய புல்லட் 350-இன் பேரல். 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த அந்த 346 சிசி எஞ்சினுக்கு 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். பேரல் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பூச்சே இல்லாத அலுமினியத்துக்குக் கீழே பூச்சு வெள்ளி நிற்க வேண்டும் என்பதில்தான் அழகும் சிக்கலும். மினுமினுப்பு கூடினால் கோயில் கவசம் போலாகிவிடும். சாம்பல் கலந்து அடங்கிய வெள்ளி அமைந்துவிட்டால், இரண்டு உலோகமும் சேரும் இடத்தைக் கண் கேஸ்கட் கோட்டில் தேட வேண்டியிருக்கும்.

ஃபின்களுக்கு இடையே அடிப்பதில் தெரிந்துவிடும் கையின் தரம். முதல் கைப் பூச்சு ஃபின்களின் வேர்களுக்கு: நாலு பக்கமும் திருப்பி, சாய்த்து, மெல்லிசாக. விளிம்புகளுக்கு அந்தச் சிதறலே பாதி போதும். இரண்டாம் கை மீதியைப் பார்த்துக்கொள்ளும். விளிம்பில் தொடங்குகிறவர் கையில் விளிம்பு தடித்து, வேர் வெறுமையாக நிற்கும். ஒரு கைக்கு 20, 25 மைக்ரான் போதும். தடித்தால் சூட்டில் கொப்பளிக்கும். அலுமினியத் தூள் அடியில் தங்கும் என்பதால் கப்பை அடிக்கடி ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கறுப்புதான் சூட்டை நன்றாக வெளியேற்றும் என்பார்கள். கதிர்வீச்சைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் ஓடும் புல்லட்டைக் குளிர்விப்பது பெரும்பாலும் காற்று. அதோடு, கறுப்பு அடித்த பேரலில் ஃபின்களின் நிழல் செத்துவிடுகிறது. வெள்ளியில் ஒவ்வொரு ஃபின்னும் தனித்தனியாக எழுந்து நிற்கும்.

இப்போது பெரிதும் கெட்டிருப்பது சுடும் வேலை. தொட்டால் ஒட்டாத பூச்சு காய்ந்த பூச்சல்ல. இந்தச் சில்வரில் உள்ள சிலிகோன் பிசின் சுமார் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வெந்தால்தான் இறுகும். வண்டியை ஓட்டினால் தானே வெந்துவிடும் என்று கேனிலிருந்து துரு மேலேயே அடித்துக் கொடுக்கிறார்கள். சைலன்சர் பெண்டுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். பேரலின் அடி ஃபின்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அங்கே பூச்சு பச்சையாகவே இருந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டிய முதல் நாளே கரைந்து வழியும். மாஸ்கிங் டேப்பை உரித்து, பேரலை ஓவனில் வைத்து, மெதுவாகச் சூடேற்றி, உள்ளேயே ஆறவிட்டு எடுத்த வேலையில், பெட்ரோலில் நனைத்த துணியால் அடி ஃபின்னை அழுத்தித் துடைத்தாலும் துணியில் வெள்ளி ஏறாது.